கழிவு, நூற்றுக்குப் பதினைந்து

கற்சிலைமடுவில் ஒரு வீட்டுத்திட்ட வீடு.
சுவருக்குச் சுவர் கீழே நாலடி ஓரங்குலம்,
மேலே போனால் நாலடி மட்டும்.
கட்டினவன் தூக்குக்குண்டை வீட்டில் மறந்திட்டு வந்திருக்கிறான்.
அந்த இடைவெளிக்குள் ஓர் அலுமாரி வேணுமாம்,
ஆறடி உயரம், இருபது அங்குல ஆழம்,
நடுவில் பூட்டுப் போட்ட லாச்சி.

மரம் அவவின்ரை.
கார்த்திகைக் காற்றுக்கு விழுந்த வேம்பு,
ஜீ.எஸ் துண்டோடு கிணற்றடியில் கிடக்குது.
சுற்றளவு ஐந்தடி, நீளம் எட்டு.
சுற்றை நாலாய்ப் பிரி, அதை அதாலேயே பெருக்கு,
பிறகு நீளத்தால் பெருக்கு:
பன்னிரண்டரைக் கன அடி.
பட்டையும் வெள்ளையும் போனாலும் காணும்.

கொப்பி ஒற்றை கிழித்து
லான்ட்மாஸ்ரர் பெட்டியில் வைத்து எழுதினன்.
பக்கம் இரண்டு, தட்டு ஐந்து, கதவு இரண்டு,
பலகை ஆறரைக் கன அடி.
கழிவு, நூற்றுக்குப் பதினைந்து.
கூட்டினால் ஏழரை.

ஏழரை எண்டு எந்தத் துண்டிலும் நான் எழுதுறதில்லை.
அது வந்து குந்தினால் லேசில் எழும்பாது.
ஏழே முக்கால் எண்டு போட்டன்.
அரிகூலி, ஏற்றுக்கூலி, பசை, சீலர், வார்னிஷ்,
என்ரை கை ஒன்பது நாள்.
கடைசி வரி:
வாள் உடைவு, நாலாயிரத்து ஐந்நூறு.

சுகிர்தமலர் துண்டை வாங்கி
கீழிருந்து மேலே வாசிச்சா.
"வாள் ஏன் உடையும்?"

ஏனெண்டு அவவுக்குத் தெரியாதா?
இந்தப் பக்கத்து மரம் இரும்பைத் தின்டிட்டு
மேலே பட்டை மூடி வளர்ந்திடும்.
அரியேக்கைதான் நீலம் தெரியும்,
அதுக்குள்ளே சத்தம் வந்திடும்.
முள்ளியவளை மரக்காலையில் ஒரு பல்லுப் போனால்
முழு வாளையும் என்ரை கணக்கில் எழுதுவாங்கள்.

அவ உள்ளே போய் வந்தா.
கையில் பழைய ஸ்பீக்கரில் கழற்றின காந்தம்,
கறுப்பு நூலில் கட்டினது.
முகமாலையில் பதினொரு வருசம் கண்ணிவெடி எடுத்தவ.
குற்றியில் வெண்கட்டியால் சாண் சாணாய்க் கோடு கீறி
முதற்கோட்டில் தொடங்கினா.
எனக்குத் தும்மல் வந்தது. அடக்கிக்கொண்டன்.
காந்தம் சும்மா தொங்கும், தொங்கும்,
ஓரிடத்தில் மட்டும்
ஆரோ பேர் சொல்லிக் கூப்பிட்டதாய்த் திரும்பும்.
அங்கே ஒரு புள்ளடி.

"உருட்டுங்கோ" எண்டா. உருட்டினன்.
"ஆழத்தில் கிடந்தால் காந்தம் சொல்லாது" எண்டன்.
"அப்ப ஆழம் உங்கட பாதி, மேல் என்ரை பாதி."

நாலு புள்ளடி.
மூன்றை உளியால் கெல்லி எடுத்தம்,
புளியங்கொட்டை அளவு, கறுத்து, ஓரம் கிழிஞ்சு.
நாலாவது ஓர் ஆணி.
"அது நான் அடிச்சது" எண்டு சிரிச்சா,
"உடுப்புக்கொடி கட்ட."

பிறகு பேனை கேட்டா.
வாள் உடைவில் பாதியை வெட்டினா.
ஏழே முக்காலில் விரல் நின்றது.
"இந்தக் கால் எங்கையிருந்து வந்தது?"
"சனியனுக்குப் பயந்து, தங்கச்சி."
"சனியனுக்கு நான் அரிகூலி குடுக்க ஏலாது."
ஏழரை எண்டு எழுதினா,
என்ரை கையெழுத்தை விட வடிவாய்.

மரக்காலையில் வாள் ஒரே சீராய்ப் போச்சு.
ஒரு பலகையில் மட்டும் உள்ளங்கையளவு நீலம்.
வாள் போன வழிக்கு ஒரு நூல் தள்ளி
எதுவோ உள்ளுக்கு இருக்குது.
கொண்டுபோய்க் காட்டினன்.
"பாரம் தாங்குமோ?"
"தாங்கும். அந்தப் பக்கம் சீவுளி போடேலாது, அவ்வளவுதான்."
"பிறகென்ன, கழிவில் சேர்க்காதேங்கோ."
கீழ்த்தட்டுக்குப் போட்டன், நீலம் அடிப்பக்கமாய்.

ஒன்பதாம் நாள்
கதவைத் தூக்கி நிறுத்தேக்கைதான் கண்டன்,
துண்டில் பிணைச்சல் எழுதேல்லை.
கதவுக்கு மூன்றாய் ஆறு, லாச்சிப் பூட்டு ஒண்டு,
மூவாயிரத்துச் சொச்சம்.
கேட்டிருந்தால் தந்திருப்பா.
துண்டில் இரண்டு பேரும் கையெழுத்து வைச்சாச்சு.

ஒட்டுசுட்டான் ஹாட்வெயாருக்குச் சைக்கிள் மிதிச்சன்,
எதிர்க்காற்று,
பின்னால் கரியரில் ஆரோ குந்தியிருக்கிற பாரம்.